பக்கத்து வீட்டில் ஒப்படைக்கப்பட்டது

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஒரு கையில் காப்பிக் கோப்பையோடு, மறு கையின் கட்டைவிரலால் மட்டும், ஆறடி உயர ஆளையும் அவனுடைய வெள்ளை வேனையும் தி ஹேக் நகரத்தைவிட்டே தூக்கி எறிந்திருக்கிறேன். காப்பி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மாடிவீட்டு டீனெக்கேயிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். "புளுகு மூட்டை சீப்ரன், உன்னால ஒரு ஈயைக்கூட விரட்ட முடியாது" என்றாள். அவள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. டிராமில் டிக்கெட் பரிசோதகனாக நான் ஏறினால் புறாக்கள்கூடச் சிறகுக்குள் டிக்கெட்டைத் தேடும் என்று சொல்லித் திரிகிறவன் நான். ஆனால் இது அப்படியல்ல.

எங்கள் படிக்கட்டில் ஆறு வீடுகள். என்னுடையது தரைத்தளம். ஓய்வு பெற்றவன், எந்நேரமும் வீட்டில் இருப்பவன். கூரியர்காரர்களுக்குப் படியேற நேரமில்லை. என் மணியைத்தான் அடிப்பார்கள். மாடியில் இருப்பவர்களின் கைபேசியில் 'பக்கத்து வீட்டில் ஒப்படைக்கப்பட்டது' என்று வந்து விழும். சாயங்காலம் ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். காலணி, பூனை மணல், கல்யாண உடுப்பு, எல்லாம் என் நடையில்தான். காப்பி கொடுப்பேன். விருந்தாளிக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டியதும் டப்பாவை மூடிவிடுவது இந்த ஊர் வழக்கம். என் டப்பா மூடியதே கிடையாது. அந்த பிஸ்கட்டுக்காகவே வேண்டாத சாமான்களை வரவழைத்தார்கள் என்று சத்தியம் செய்வேன்.

பிறகு புதுக் கூரியர்காரனாகப் பிளாமென் வந்தான். பல்கேரியாக்காரன். எல்லா மாடியும் ஏறினான். கதவைத் தட்டி, ஆளைப் பார்த்து, கையில் கொடுத்தான். இறங்கும்போது பாட்டு வேறு. சும்மா படியேறுகிறவனிடம் ஏதோ இருக்கிறது என்று என் மூக்கு சொன்னது. டிராமில் டிக்கெட் எடுக்காதவன்தான் முதலில் வணக்கம் சொல்வான்.

ஒருநாள் மறித்துக் கேட்டேன். "ஏம்ப்பா, எல்லாத்தையும் என்கிட்ட போட்டுட்டுப் போகலாமே?"

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?" என்றான். "அவங்கவங்க கையில குடுத்தா செயலியில எனக்கு மதிப்பெண் ஏறும். செப்டம்பர் வரைக்கும் வேலை அறுபடாம இருந்தா ரெண்டு அறை வீடு தர்றேன்னு சொல்லியிருக்காங்க. மக ரலிட்சாவைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

அழகான கதை. சந்தேகப்படும் அளவுக்கு அழகான கதை. அதற்குள் என் மணி ஊமையாகிவிட்டது. டப்பாவில் பிஸ்கட் நமுத்துப்போனது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

மாடிவீட்டார் எல்லோரும் எப்போதோ தங்கள் கூரியர் செயலியில் 'பொட்டலம் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரர்' என்று என் பெயரைப் பதிந்திருந்தார்கள். அதனால் அவர்களுடைய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் என் கைபேசியும் கேட்கும்: வந்து சேர்ந்ததா? ஆம், இல்லை. என் கைக்கு வரவில்லை. 'இல்லை' என்று அழுத்தினேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? ரத்த அழுத்த மாத்திரைபோல அதுவும் அன்றாடப் பழக்கமாகிவிட்டது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் பிளாமெனே என் மணியை அடித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உட்காரவைத்துக் காப்பி ஊற்றினேன். அவன் பிஸ்கட்டைத் தொடவில்லை.

"வேலையை நிறுத்திட்டாங்க சார். பொட்டலத்தை எல்லாம் நான் திருடிட்டேன்னு செயலி சொல்லுது. போய்ப் பேசலாம்னா மனுஷங்களே இல்ல, எல்லாம் மெஷின். இந்தப் படிக்கட்டுல ஒருத்தர் எனக்காகச் சொன்னாப் போதும், என் கணக்கு மறுபடி திறந்துடும். உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். இப்போ கேக்கும். ஒரு அழுத்து அழுத்துங்க சார்."

கேட்டது. இந்த நபர் நம்பகமானவரா?

கைபேசியை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தேன். நேர்மையான முகம். டிராமில் நான் பிடித்ததெல்லாம் நேர்மையான முகங்களைத்தான். கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது.

"அழுத்திட்டேம்ப்பா" என்றேன். அதிலும் பொய் இல்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நன்றி சொன்னான். நல்ல பையன்.

அதோடு வேன் வரவில்லை. வேறு யாரும்கூட வரவில்லை. பொட்டலங்கள் காணாமல்போகும் படிக்கட்டு என்று நிறுவனம் எங்களையே ஒதுக்கிவிட்டது. இப்போது எல்லோரும் சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து தங்கள் சாமானை எடுத்துக்கொள்கிறார்கள். பெட்டி காப்பி தருவதில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நேற்று டீனெக்கே மட்டும் உப்புக் கேட்டு வந்தாள். "அந்தப் பாட்டுக்காரன் ஊருக்கே திரும்பிட்டானாம், பாவம்" என்றாள். அப்போதுதான் நான் கட்டைவிரல் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ஒரு கிழவன் விரலை அழுத்தினா எந்தக் கம்பெனி ஆளைத் தூக்கும்? போய்யா."

வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதுதான் விலைபோகவில்லை. எனக்கு வருத்தமாகிவிட்டது. "உன் கைபேசியிலயே பழைய பொட்டலமெல்லாம் இருக்கும். எடுத்துப் பாரு" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது.

"கம்பளி நூல், வந்து சேரவில்லை..." என்று படித்தாள். "என் கையிலதானே குடுத்தான்? மழையில தொப்பலா நனைஞ்சு வந்தான். துண்டு எடுத்துக் குடுத்தேனே." இன்னும் கீழே தள்ளிப் பார்த்தாள். "விளக்கு, வந்து சேரவில்லை. அது இப்பவும் என் தலைமாட்டுல எரியுது."

நான் கொடுத்திருந்த, கடிக்காத பிஸ்கட்டை டப்பாவில் திருப்பிப் போட்டு மூடியை அழுத்தி மூடினாள். உப்பை எடுக்காமலே வாசலுக்குப் போனாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இதை அவள் மற்ற வீடுகளில் சொல்வாள். கேட்க அவர்களும் இறங்கி வருவார்கள். ஐந்து கோப்பைகளையும் கழுவி வைக்க வேண்டும்.

"இப்பவாவது நம்பறியா?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை.

"நம்பறேன், சீப்ரன். நீதான் செஞ்சிருக்கே."