மாட்டு வாலும் மாப்பிள்ளையும்

என் பெயர் கௌஸ் மொய்தீன், வயது 34. பாகலூர் கடைவீதியில் குடியிருந்துகொண்டு அங்கேயே போட்டோ ஸ்டுடியோ வைத்துள்ளேன். ஓடுவது, பறப்பது, குதிப்பது எதுவானாலும் அசையாமல் எடுத்துக் கொடுப்பேன். அது தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் எஸ்.ஐ. அவர்கள் சொன்னபோதும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

நேற்று பேரிகை எருது விடும் விழாவில் விழாக் குழுவினர் அழைத்ததன்பேரில் படம் எடுத்தேன். மாட்டைப் பார்த்த பிறகு பட்டனை அமுக்கினால் புழுதிதான் மிஞ்சும் என்பதால், தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதில் ஃபோகஸ் வைத்துவிட்டு, கூட்டத்தின் கத்தல் நெருங்கும்போதே அமுக்குவது என் வழக்கம். கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கும். அதன் பிறகு திம்மராயன் என்பவரின் காளை வந்தது. அதன் கொம்பில் கட்டிய, பரிசுப் பணம் செருகிய அலங்காரத் தட்டியைப் பறிக்க தினேஷ்குமார் என்பவர் பாய்ந்தார். இவருக்கும் திம்மராயன் மகள் ஹரிணிக்கும் வரும் ஞாயிறு நிச்சயதார்த்தம். மாமனார் மாட்டிலேயே தட்டி எடுத்துக் காட்டுவதாக இவர் ஊரெல்லாம் சவடால் விட்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு படத்தை மட்டும் விழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். காளையின் நான்கு கால்களும் தரையில் இல்லை, மண்கட்டிகள் அந்தரத்தில் நிற்கின்றன. சந்தோஷத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. அதில் காளையின் வால் தினேஷ்குமாரின் கைக்குள் இருப்பதுபோல் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை. மற்ற எல்லோரும் அதை மட்டுமே கவனித்தார்கள்.

வாலைப் பிடித்து முறுக்குவதற்கு விழாவில் தடை உண்டு. ஆகவே திம்மராயன் புகார் கொடுத்ததோடு நிச்சயதார்த்தத்தையும் நிறுத்திவிட்டார். இன்று காலை காவல் நிலையத்தில் என்னிடம், "மாட்டு வாலயே முறுக்குறவன் எம்பொண்ணு கைய என்ன பண்ணுவான், நீயே சொல்லு பாய்" என்றார்.

முன்பின் எடுத்த படங்களும் இருப்பதாக நான் சொன்னதும் தினேஷ்குமார் என்னை ஓரமாக இழுத்துப்போய், "கேசு போட்டாலும் பரவால்ல பாய், அத மட்டும் காட்டிராத. ஹரிணி பாத்தா எம்மானமே போயிரும்" என்று கெஞ்சினார். மானமா, கல்யாணமா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மெமரி கார்டை நிலையக் கணினியில் போட்டுக் காட்டினேன்.

முதல் படத்தில் தினேஷ்குமார் தட்டியைத் தவறவிட்டு வெறுங்கையை நீட்டியபடி இருக்கிறார். அடுத்தது நான் வாட்ஸ்அப்பில் போட்டது. அதற்கடுத்ததில் வால் கையைத் தாண்டிப் போய்விட்டது, விரல்கள் விரிந்தே இருக்கின்றன, பிடிக்கவே இல்லை. நான்காவதில் சாணி அப்பிய வால் நுனி அவர் கன்னத்தில் பளாரென்று விழுகிறது. கண் இரண்டும் மூடி, வாய் காதுப் பக்கம் போயிருக்கிறது. ஏட்டம்மா எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கடைசிப் படத்தில், தடுப்புக்கு அப்பால் ஹரிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. திம்மராயன் உடனே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அவரு அடி வாங்குனத நா நேர்லயே பாத்தம்ப்பா. நேத்துல இருந்து சொல்ல வரேன், நீ எங்க பேச வுட்ட? எனக்கு அவருதான்" என்றார் ஹரிணி.

அதன் பிறகு திம்மராயன் புகாரைத் திரும்பப் பெற்று, "வா மாப்ளெ" என்று தினேஷ்குமாரின் தோளில் கை போட்டார். நான்காவது படத்தை நிச்சயதார்த்த ஃபிளெக்ஸில் பெரிதாகப் போட வேண்டும் என்று எனக்கு ஆர்டரும் கொடுத்தார். அதற்கு தினேஷ்குமார் கடும் ஆட்சேபம் தெரிவித்தார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னதால் எழுதப்பட்டது.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி உள்ளது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) கௌஸ் மொய்தீன்