நகர வேண்டிய சுவர்

மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ணயர வேண்டும், சார். ரிடையர் ஆனவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்கப்போகிறது?

முடிச்சூரில் எங்கள் அடுக்ககம் செங்கல் வைத்துக் கட்டியதல்ல. தொழிற்சாலையில் வார்த்த சுவர்களை லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி, போல்ட் போட்டு மாட்டியது. மேற்கு வெயில் ஏறினால் என் படுக்கையறைச் சுவர் டக் டக்கென்று சத்தம் போடும், அதுவும் கண் சொருகும் நேரம் பார்த்து. எரிச்சலில் எனக்கு அழுகையே வந்திருக்கிறது.

கட்டிய கம்பெனியின் இன்ஜினியர் வினிதா வந்து பார்த்தாள். சின்னப் பெண்தான், பொறுமையாகச் சொன்னாள்.

"அங்கிள், போல்ட் துளையை வேணும்னுதான் நீளமா விட்டிருக்கோம். வெயிலுக்கு சுவர் அதுல நகர்றதுதான் அந்தச் சத்தம். பூமி ஆடினா சுவர் அதுக்குள்ள நகர்ந்து குடுக்கும். அசையவிடாம பண்ணிட்டா போல்ட் பிச்சுக்கிட்டு சுவரே வெளிய விழுந்துடும்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த முடிச்சூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால்தான் பயம். பூமியைப் பற்றி யார் யோசித்தார்கள்?

அந்த போல்ட்டுகளை அசையாமல் பற்றவைக்க வண்டலூரிலிருந்து வெல்டர் எலியேசரைக் கூப்பிட்டேன். அவன் தயங்கினான்.

"இத்த வெல்டு வெச்சிட்டா அசையாது சார். இன்ஜினியராண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவங்கதான் வைக்கச் சொன்னாங்க" என்றேன்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் நீங்கள் உட்கார வைத்திருக்கும் எலியேசர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவனை அனுப்பிவிடுங்கள்.

அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள், அந்தச் சுவருக்கு நேர் கீழே நிற்கும் என் காரை எடுத்து கேட் பக்கம் விட்டேன். காக்கை எச்சம் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். இஸ்திரி போடும் பச்சையம்மா காலி இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சார், அந்த எடம் சும்மாதானே கீது? காலைல நல்லா நெழலா கீது. வண்டிய அங்க போட்டுக்கட்டுமா?"

"தாராளமா போட்டுக்கோம்மா."

போன வாரம் வந்தது சின்ன நடுக்கம்தான். பக்கத்துத் தெருவில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை. எங்கள் கட்டடத்திலும் மற்றச் சுவர்கள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டன. என் சுவர் நகரவில்லை, விழுந்தது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீழே பச்சையம்மா தேய்த்துக்கொண்டிருந்தது என் வேட்டியைத்தானாம். அதைக் கேட்டதிலிருந்து மத்தியானத் தூக்கமும் போய்விட்டது.

காரை ஏன் மாற்றினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்தப் பக்கம் மரமே கிடையாது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சுவர் விழலாம் என்று தெரிந்துதான் எடுத்தேன். ஆனால், நிழல் கேட்டு வந்தவளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சார்.