டொக்டர் அத்தானுக்குச் சொன்னவை

சிங்களம் நன்றாகத் தெரிந்த மனிதனுக்குப் பாலையூற்றில் ஓய்வு கிடைக்காது, நிலுஷா. பொலிசுக்குப் போவதென்றாலும் காணிக் கந்தோருக்குப் போவதென்றாலும், ஞானசேகரத்தைக் கூப்பிடு என்பார்கள். சீனன்குடாவில் வேலை பார்த்த காலத்தில் கஷ்டப்பட்டுப் படித்த பாஷை. படிக்கச் சோம்பல்பட்ட எல்லாரும் அதை என் வாயிலிருந்து சும்மா எடுத்துக்கொண்டார்கள். உன் அப்பாவும்தான்.

நேற்று நீ கிளினிக்கில் தாதியிடம் விசாரித்துவிட்டு வந்ததாக அக்கா சொன்னாள். நல்லது. உட்கார். கத்தாமல் கேட்டால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

உன் அப்பா, யேசுரட்ணம் அத்தானுக்குக் கண் மஞ்சளானபோது நீ மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாய். வலி இல்லை, சொறி மட்டும். உங்கள் வீட்டில் உடனே செங்கமாரி என்று முடிவுகட்டினார்கள். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். மீனையும் எண்ணெயையும் நிறுத்தினார்கள். மனிதர் வற்றிக்கொண்டு போனார். பத்தியம் வேலை செய்கிறது என்று அக்கா சந்தோஷப்பட்டாள். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

ஸ்கான் எடுத்த பிறகு டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். இளம் ஆள், பொறுமைசாலி, தமிழ் தெரியாது. கணையத்தின் தலைப்பக்கத்தில் கட்டி இருக்கிறது, புற்றுநோய் என்றார். ஆனால் பக்கத்து இரத்தக்குழாய்களை அது இன்னும் பிடிக்கவில்லை, ஈரலுக்கும் பரவவில்லை. இந்த நோய்க்காரரில் பெரும்பாலானோர் வெட்டமுடியாத நிலையில்தான் வருவார்கள், இவருக்கு வெட்டலாம் என்றார். பெரிய ஒப்பரேஷன், கொழும்புக்குப் போகவேண்டும், பிறகு மருந்தும் ஏற்றவேண்டும். திரும்ப வராது என்று உறுதி தர ஏலாது, ஆனால் சில வருஷங்கள் கிடைக்கலாம், சிலர் நெடுங்காலம் இருக்கிறார்கள். வெட்டாவிட்டால் ஒரு வருஷமே கஷ்டம். முதலில் மஞ்சள் இறங்குவதற்குப் பித்தக்குழாயில் சின்னக் குழாய் ஒன்று வைப்போம் என்றார்.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னவாம், ஞானம்? வெட்டவேணுமெண்டால் வெட்டட்டும். எனக்குப் பயமில்லை.”

“வெட்டத் தேவையில்லையாம் அத்தான். பித்தக்குழாய் அடைச்சிருக்காம். குழாய் வைச்சால் சரியாம்.”

டொக்டரிடம் திரும்பி, யோசித்துச் சொல்கிறார்களாம் என்றேன்.

குழாய் வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது, சொறியும் நின்றது. அத்தான் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்து, அயலுக்கெல்லாம் சாப்பாடு போட்டார். நானும் சாப்பிட்டேன். இறால் கறி நன்றாக இருந்தது. டொக்டர் எதற்கும் பெயரைப் பதிந்து வைத்திருந்ததால், கொழும்பிலிருந்து ஒப்பரேஷன் திகதி சொல்லப் போன் எடுத்தார்கள். சிங்களம் தெரிந்தவர் என்று என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். நோயாளிக்கு விருப்பமில்லை என்றேன். அந்தப் பெண் விடாமல் இன்னொரு தரமும் எடுத்தாள். வீட்டார் நாட்டு வைத்தியத்தை நம்புகிறவர்கள் என்றேன். அது பொய்யும் இல்லை.

ஏன் என்று கேட்கிறாய். உன் அப்பா தாங்கியிருக்கமாட்டார். கொழும்பு வார்டில் கிடந்து குழறி, அக்காவையும் அலைக்கழித்து, கடைசியில் எப்படியும் போயிருப்பார். சரி, சில வருஷம் கூடவே கிடைத்தது என்று வை. அதை வைத்து என்ன செய்திருப்பார்? துறைமுகத்தடியில் போட் எஞ்சின் கழற்றி, பின்னேரங்களில் பாட்டுப் பாடி, ஆட்களைப் பார்த்துச் சிரித்திருப்பார். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும், “இஞ்ச வாறார் எங்கட சிங்களக் கிளி, ரெண்டு வார்த்தை கதைச்சுக் காட்டு” என்பார். சபை முழுவதும் சிரிக்கும். சின்ன வயதில் நீ அவர் மடியிலிருந்து கைதட்டுவாய். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன்.

மஞ்சள் திரும்பி வந்தபோது ஈரலெல்லாம் பரவியிருந்தது. இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து என்றார் டொக்டர். ஏன் அன்றைக்கு வெட்டவில்லை என்று என்னிடம் கேட்டார். இந்த ஆட்கள் இப்படித்தான் என்றேன். அவருக்கு மனவருத்தம், எனக்கே பாவமாக இருந்தது.

ஆனால் உன் அப்பாவிடம் உண்மையை மறைத்தேன் என்று மட்டும் சொல்லாதே. கடைசி நாட்களில் ஒரு மத்தியானம், அக்கா குசினியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். கட்டி வெட்டக்கூடியதாக இருந்தது, கொழும்பில் திகதியும் கிடைத்தது, வேண்டாம் என்று சொன்னவன் நான். டொக்டர் பேசிய அதே சிங்களத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அத்தான் என் கையைப் பிடித்தார்.

“விளங்கேல்லை தம்பி. தமிழில சொல்லு.”

“சுகமாகுமாம் அத்தான்” என்றேன்.

நான் சிங்களம் கதைத்ததைக் கேட்டு அவர் சிரிக்காதது அன்றைக்கு மட்டும்தான்.