வெட்ட ஒண்ணும் இல்லாத வூடு

— பெட்ரூம் ஒண்ணுதாங்க அண்ணி. ஆனா நான் சொல்றது இன்னான்னா, கீழ எறங்கினா கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு. அந்தாண்ட மார்க்கெட்டு, இந்தாண்ட சினிமா கொட்டா. எந்நேரமும் டீ கெடைக்கும்.

— மரம் எதுனா இருக்குதா தம்பி?

— மரமா? மொட்டமாடில தொட்டி வெச்சிக் குடுக்கச் சொல்றேன். ரோசா, கனகாம்பரம், இன்னா வேணுமோ...

— தொட்டி வேணாம். இந்தப் பக்கம் மரம் இருக்குதா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க.

— கண்ணுக்கு எட்டின வரைக்கும் இல்லீங்க. எல்லாம் சிமிட்டி, கரண்ட்டு கம்பம்.

— அப்ப சரி.

— பொன்னுரங்கம், உங்க அண்ணிகிட்ட சொல்லு. வெளிய செவுத்துல சாத்தி வெச்சிருக்கற வாசக்கதவ ஒரு தபா பாக்கச் சொல்லு.

— அண்ணி, அண்ணன் உங்கள கதவப் பாக்கச் சொல்றாரு.

— கேட்டுச்சி. கதவுக்கு இன்னா அவசரம்னு சொல்லுங்க.

— அண்ணே, கதவுக்கு இன்னா அவ...

— கேட்டுச்சி பா.

— ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது? நடுவுல நான் எதுக்குண்ணே?

— எங்களுக்குள்ள பேச்சு வார்த்த இல்ல. ஊர்ல எதுனா சொல்லணும்னா மாட்டுகிட்ட சொல்லுவா, நான் கேட்டுக்குவேன். இன்னிக்கி மாட்டுக்கு பதிலா நீ இருக்கற.

— நல்லா இருக்குதுண்ணே. நாளைக்கி இந்த வூட்ல குடி வந்தா இன்னா பண்ணுவீங்க? இங்க மாடு கட்ட எடம் இல்லியே.

— ரெண்டு பேரா குடி வரலன்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா? நான் மட்டுந்தான் தம்பி வர்றேன். எங்கப்பா எனக்குன்னு எழுதி வெச்ச நெலத்த வித்த பணம். தனியா வந்தா வெல பேச மாட்டோம்னு நீங்க சொன்னீங்க, அதான் அவரு கூட வந்திருக்காரு.

— அண்ணே?

— ஆங், அவ மட்டுந்தான்.

— அண்ணி, நான் புரோக்கருதான், ஆனா மனசு கேக்கல. கச்சிராயபாளையத்துல அத்தாம் பெரிய வூடு, கரும்புக் காடு, டேம் தண்ணி. அத்த வுட்டுட்டு இங்க வந்து இந்த எரச்சல்ல...

— அந்த வூட்டுப் பின்னால ஒரு பலா மரம் நின்னுச்சி. கல்வராயன் மலையிலேருந்து எங்கண்ணன் கன்னு கொண்டாந்து குடுத்தான். நான் வெச்சேன். போன வருசம் எட ஒதுக்கீடு கேட்டு ரோட்ட மறிச்சாங்களே, அப்ப அத்த வெட்டிகினு போயி ரோட்ல போட்டுட்டாரு. எதுக்குன்னு அவரயே கேளுங்க.

— எதுக்குண்ணே?

— ஊருக்கு ஒரு மரம் வெட்டிப் போடணும்னு எங்க சாதி சங்கத்துல சொல்லிட்டாங்க பா. ரோட்டு மரம் எல்லாத்தையும் பக்கத்து ஊர்க்காரனுங்க முன்னாடியே சாச்சிட்டானுங்க. எங்க ஊருக்கு ஒண்ணு கூட மிச்சம் இல்ல. நான் வேற கிளைச் செயலாளரு. மானம் போவுது இல்ல?

— அந்த மரத்தால எத்தினி பஸ்ஸு நின்னுச்சின்னு கேளுங்க.

— எத்தினிண்ணே?

— ஒண்ணு.

— அது எப்படி நின்னுச்சின்னும் சொல்லச் சொல்லுங்க.

— அது... ரிப்பேராயி அங்கயே நின்னுகினு இருந்துச்சி பா. நாங்க அதுக்கு முன்னாடி மரத்தப் போட்டோம்.

— பொழுது சாயறதுக்குள்ள கெவர்மெண்டு லாரி வந்து மரத்த இழுத்துகினு போயிடுச்சி தம்பி. பஸ்ஸ மட்டும் மறுநாள்தான் இழுத்தாங்க.

— அண்ணி, எல்லாம் உங்க புள்ளைக்கு ஒரு வேல கெடைக்கணும்னுதான...

— அந்தப் புள்ள அந்த மரத்து நெழல்லதான் படிச்சான்னு அவருகிட்ட சொல்லுங்க.

— அண்ணே...

— கேட்டுச்சி பா, கேட்டுச்சி. நீ அந்தக் கதவ...

— இருங்கண்ணே, சமையக்கட்ட காட்டிட்டு வந்துடறேன். அண்ணி, நான் சொல்றது இன்னான்னா, இங்க நின்னுகினே சமைக்கலாம். குழாயத் தொறந்தா தண்ணி.

— இப்ப வரலியே.

— கீழ ரோட்ல ஊர்வலம் போவுதில்ல, மோட்டார நிறுத்தி வெச்சிருக்காங்க.

— ஊர்வலத்துக்கும் மோட்டாருக்கும் இன்னா சம்பந்தம்?

— அது எனக்கும் தெரியலீங்க. ஓனரு அப்படித்தான் சொல்லச் சொன்னாரு.

— ஜன்னலுக்குக் கீழ கோஷம் போடறாங்க. சங்கத்து ஆளுங்கதான். செயலாளரு போறதுன்னா போவலாம்னு சொல்லுங்க தம்பி.

— போவலன்னு சொல்லு பா. செயலாளர் பதவிய நான் எப்பவோ வுட்டுட்டேன்.

— இது எனக்குத் தெரியாதே. எப்ப வுட்டாருன்னு கேளுங்க.

— மரத்த வெட்டின மறுநாளே. மாட்டுகிட்டதான் சொன்னேன், அவ அந்நேரம் மாட்டாண்ட இல்ல.

— சரி, வூடு எனக்குப் புடிச்சிருக்குது தம்பி. எரச்சலும் நல்லாத்தான் இருக்குது. ஊர்ல ராத்திரி முழிப்பு வந்து பின்கட்டுக் கதவத் தொறந்தா, நெழலு இல்லாத அந்த எடத்துல நெலா வெளிச்சம் வுழுது. என்னால பாக்க முடியல. இங்க அந்தக் கஷ்டம் இல்ல, வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. அட்வான்ஸ வாங்கிக்குங்க.

— வாங்கறதுக்கு முன்னாடி கதவப் பாத்துடச் சொல்லு பொன்னுரங்கம். கேட்டுகினே இருக்கறன் இல்ல?

— எங்கப்பா இவரு வூட்டுத் தேக்குக் கதவப் பாத்துட்டுதான் என்னக் கட்டிக் குடுத்தாரு தம்பி. கதவு பாத்ததெல்லாம் போதும்னு சொல்லுங்க.

— அண்ணி, கையெடுத்துக் கும்புடறேன், பாத்துடுங்க. வந்ததுலேருந்து இதயே சொல்லிகினு இருக்காரு. வெளிய வாங்க, தோ, திருப்பிக் காட்டறேன். கீலு இன்னும் மாட்டல, அதான் வெளிய நிக்குது. நல்ல பலாக் கட்ட. மஞ்சக் கலரப் பாருங்க, பாலிஷே வேணாம். மேலாண்ட இந்தக் கறுப்பு ஓட்ட ஒண்ணுதான் கொற. மரத்துக்குள்ள எவனோ ஆணி அடிச்சிருந்திருக்கான். அறுக்கும்போது ரம்பத்துல பட்டு பல்லே போயிடுச்சாம். மக்கு வெச்சி அடைச்சிடலாம்... அண்ணி? இன்னா அண்ணி, தடவிகினே நிக்கறீங்க?

— எவனும் அடிக்கல. நான் அடிச்சது.

— இன்னாங்க?

— சின்னவன் வயித்துல இருக்கும்போது, லாந்தர் மாட்ட அடிச்சேன். கோணலா எறங்கிடுச்சி. எங்க மாமியாரு ஒரு வாரம் திட்டினாங்க. பாருங்க, கோணலா இருக்குது.

— அண்ணே! இது...

— சொல்லு பா அவகிட்ட. லாரி பின்னாடியே சைக்கிள்ல போனேன். ஏலத்துல வுட்டாங்க, மரவாடிக்காரன் எடுத்தான். நான் காசு சேத்துகினு போறதுக்குள்ள இந்தக் கட்டடத்துக்காரரு வாங்கி அறுத்துட்டாரு. மரவாடில எத்தினியோ கட்டைக்கு நடுவுல நம்ம மரத்த மொத நாளே கண்டுபுடிச்சிட்டேன். என் கோடாலி வெட்டு எனக்குத் தெரியாதா?

— கதவ மட்டும் கேட்டிருக்கலாமேண்ணே.

— கேட்டேன். கெஞ்சினேன். வூட்ட வாங்கறவங்களுக்குத்தான் கதவுன்னுட்டாரு. அந்நேரம் பாத்து, மரமே இல்லாத எடத்துல வூடு வாங்கிகினு போறேன்னு இவ மாட்டுகிட்ட சொல்றா. அதான் உன்னத் தேடி வந்து, இந்த வூட்டத் தவிர வேற எதயும் காட்டாதன்னேன்.

— அண்ணே, வாங்கினா அண்ணி உங்கள வுட்டுட்டு வந்துடுவாங்களே.

— தெரியும். மரத்த அவகிட்டேருந்து புடுங்கினது நான். அது எங்க இருக்குதோ அங்கயே அவ இருந்துட்டுப் போவட்டும். நான் சோத்துக்கு எதுனா பண்ணிக்கறேன். அவ இல்லாத வூட்ல எனக்கு எப்படி இருக்கும்னு மட்டும் கேக்காத.

— தம்பி.

— சொல்லுங்க அண்ணி.

— வூடு வேணாம். கதவு இன்னா வெல?

— இன்னா அண்ணி இது! அண்ணன் கெஞ்சியே தரலியே ஓனரு.

— அவரு கேட்டாரு. நான் கேக்கல இல்ல? கீழதான இருக்காரு அந்த ஆளு, நான் பேசிக்கறேன். வேற கதவு வாங்கற காசும் சேத்தே குடுக்கறேன்.

— அவரு ஒத்துக்கலன்னா?

— தண்ணி வராத வூட்ட நான் வேணாம்னு சொன்னத, கீழ ஊர்வலத்துல போற எங்க ஊர்க்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிகினே பஸ் ஏறுவேன். ஒத்துக்குவாரு.

— கதவில்லாத வூட்ட நான் எவன்கிட்டண்ணே விப்பேன்? நீங்களாச்சும் எதுனா சொல்லுங்கண்ணே. அண்ணே? இன்னா, கண்ணத் தொடச்சிகினு நிக்கறீங்க...

— இன்னாங்க, மரம் மாதிரி நின்னுகினு இருக்கீங்க? அந்தப் பக்கம் புடிங்க, பஸ்ஸு போயிடப் போவுது.