முந்தைய ஆளின் படம்

காலை பத்து பதினேழுக்கு ஸ்ரீரங்கத்து ஸ்கேன் சென்டரில் மெஷினை நிறுத்தினார்கள். அதற்குள் என் மகளின் தலையைப் படமெடுத்து, ‘ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட்டும் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். பக்கத்து பெஞ்சில், ஸ்கேன் சாஃப்ட்வேர் எழுதிய கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவளுடைய மேலதிகாரியும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரு பேஷண்ட் படத்துல இன்னொருத்தர் மண்டை பாதி தெரியுது சார்.”

“நம்ம ஆபீஸ்ல ஆயிரம் தடவை ஓட்டினோமேம்மா?”

“அது பழைய கிராஃபிக்ஸ் கார்டு, இது புதுசு. கார்டுக்குள்ள ஒரே நேரத்துல பல வேலைக்காரங்க ஓடுற மாதிரி. ஒருத்தன் படத்தை எழுதிட்டு ‘முடிஞ்சுது’ன்னு குறி வைக்கிறான். அடுத்தவனுக்குக் குறி முதல்ல தெரியுது, படம் அப்புறம்தான் தெரியுது. அதுக்குள்ள அவன் அந்த இடத்துல ஏற்கெனவே கிடக்கிற முந்தைய பேஷண்ட் படத்தை எடுத்துடறான்.”

“எழுதின வரிசையிலதானே தெரியணும்?”

“அப்படின்னு நாமதான் நினைச்சுக்கிட்டோம். வரிசையைக் காப்பாத்த புரோகிராம்ல ஒரு வரி வச்சிருந்தேன். வேகம் குறையுதுன்னு நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை பேருக்கு இப்படி ஆயிருக்கும்?”

“தெரியாது சார். எப்பவாவதுதான் வரும். மண்டை அளவு மாறினா கண்ணுல படும். ஒரே மாதிரி இருந்தா யாருக்குத் தெரியும்?”

ஆட்டோ வந்தது. நான் ஏறவில்லை. கடைசியில் சென்டரின் டாக்டரம்மா வெளியே வந்தார்.

“இன்னைக்கு ரிப்போர்ட் வாங்கினவங்க யாரும் கிளம்பாதீங்க. அதையெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்க.”