கடைசிக் கொதும்பு

வள்ளத்துக்கு மோட்டார் வராத காலம் அது. கட்டுமரத்துக்குப் பாய் இருந்தது, பாய்க்குக் காற்று இருந்தது, அதற்கு மேல் மாதா இருந்தாள். அந்தக் காலத்தில் குமரிக்கு மேற்கே நெடுங்கல்துறை என்ற ஊரில் விசேந்தி என்று ஒருத்தி இருந்தாளாம். அவள் புருசன் பேர் இஞ்ஞாசி.

ஓர் ஆடி மாதம். கடல் கொந்தளித்துக் கிடந்த நேரம். வெளிப்பாறையில் ஒரு பாய்க்கப்பல் மோதி உடைந்ததாம். ஊரே கரையில் நின்று பார்த்தது. இஞ்ஞாசி மட்டும் கட்டுமரத்தைக் கடலில் தள்ளினான். போனான். ஒரு வெள்ளைக்காரியை இழுத்துக்கொண்டு வந்தான். மணலில் கிடத்தினான். மறுபடி போனான். மறுபடி வரவில்லை. அவன் துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது. அவன் தங்கச்சி பிரகாசி அதை எடுத்துப்போய்த் தன் வீட்டுப் பரணில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரி பிழைத்துக்கொண்டாள். கப்பலை ஓட்டி வந்தவன் அவள் புருசனாம். அவனும் கடலோடு போய்விட்டான். ஊர் அவளை மதாம்மா என்றது. மாதா கோயில் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். இங்கிலீசுக்காரி இல்லை, அதற்குப் பக்கத்தில் வேல்ஸ் என்று ஒரு நாடு, அங்கே பாஷையே வேறு என்று ஊருக்குச் சொன்னார். மழை ஓய்ந்து பாதை காய்ந்த பிறகுதான் அனுப்ப முடியும், அதுவரை யார் வீட்டில் வைப்பது என்று கேட்டார். ஒவ்வொருவராய் நழுவினார்கள். விசேந்திதான் பாயை விரித்தாளாம்.

இருக்கிறாள், ஆனால் சாப்பிடவில்லை. கஞ்சி வைத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். மீன் வைத்தாலும் சுவர். பழம் வைத்தாலும் சுவர். உங்கள் ஊரில் என்னதான் தின்பீர்கள் என்று சாமியாரை விட்டுக் கேட்கச் சொன்னாள் விசேந்தி. ஆட்டிறைச்சியும் வெங்காயத்தாள் போல ஒரு தடித்த தாளும் போட்டுக் கொதிக்க வைத்த சாறு, அதை மரக்கரண்டியால் குடிப்பார்களாம். இரும்புக் கல்லைச் சூடாக்கி, காய்ந்த திராட்சை போட்ட சின்னச் சின்ன ரொட்டி சுடுவார்களாம்.

விசேந்திக்கு ஒரே ஆச்சரியம். அத்தனை கடல் தாண்டி அங்கேயும் நம்ம தோசைக்கல்லா என்று கேட்டாளாம். எங்கெங்கோ அலைந்து இறைச்சி வாங்கினாள், உள்ளித்தாள் கிள்ளிப் போட்டாள், சாறு வைத்தாள், சிரட்டைக் கரண்டியோடு கொண்டுபோய் நீட்டினாள். மதாம்மா முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் சுவர்.

பிரகாசி வாசலில் நின்று சொன்னாளாம்:

"எங்க அண்ணன முழுங்கிட்டு வந்தவளுக்கு எப்படி மைனி பசிக்கும்?"

"அவ செத்துப்போனா ஒங்க அண்ணன் சும்மா செத்தவனாயிருவான், பிள்ள. எனக்கு அதுதான் பயம்."

பிரகாசி திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஒருநாள் மழை கொஞ்சம் விட்டது. கடல் வற்றிப் பாறைகள் வெளியே தெரிந்தன. எலும்பும் தோலுமாய் இருந்த மதாம்மா எழுந்து, தள்ளாடித் தள்ளாடிப் பாறைப் பக்கம் போனாளாம். விசேந்தி கொஞ்சம் பின்னால் போனாள். விழப்போகிறாளோ, விழுவதற்கே போகிறாளோ, யார் கண்டது. மதாம்மா குனிந்தாள். பாறையைத் தடவினாள். அடுத்த பாறைக்குப் போனாள். இவ என்னத்த தேடுதா என்று விசேந்தி நினைத்தாள். அங்கேயும் தடவினாள். அப்படி என்னத்த தேடுதா?

ஒரு பாறையில் பாசி ஒட்டிக் கிடந்தது. மெல்லியது, கருஞ்சிவப்பு, நனைந்த பட்டுத் துணியைக் கிழித்து அப்பினது போல. ஊரில் ஆடும் அதை மோந்து பார்க்காது; கால் வழுக்கும் என்று ஏசுவதோடு சரி. மதாம்மா அதை நகத்தால் சுரண்டி எடுத்து மடியில் நிரப்பினாளாம்.

விசேந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீரையைக் கண்டால் நம்ம பெண்கள் என்ன செய்வார்கள்? அதையே செய்தாள். சின்ன உள்ளி, தேங்காய், புளி, ஒரு கொதி, இறக்கி வைத்தாள். மதாம்மா ஒரு வாய் போட்டு மென்றாள். மென்றாள், மென்றாள், முடியவில்லை. செருப்புத் தோல் போல இழுத்தது. துப்பிவிட்டுச் சிரித்தாளாம். கரைக்கு வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல்.

பிறகு கையால் பேசினாள். புளியைத் தள்ளி வைத்தாள். மணல் போகும்வரை அலசு, இன்னும் அலசு என்றாள். பானையைக் காட்டினாள், அடுப்பைக் காட்டினாள். அப்புறம் கிழக்கே விரலை நீட்டி, வானத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மேற்கே இறக்கினாள்.

"காலையில வச்சா அந்தி வரைக்குமா? ஒரு பாசிக்கா?"

மதாம்மா தலையாட்டினாள். இத்தனை நேரம் வெந்தால் அது என்னவாகும் என்று விசேந்திக்கு ஆசை பிடித்துக்கொண்டது. இஞ்ஞாசி போனபிறகு அவளுக்கு எதையாவது தெரிந்துகொள்ளத் தோன்றியது அன்றைக்குத்தானாம்.

மறுநாள் விடியலில் இன்னும் கொஞ்சம் சுரண்டி வந்து பானை ஏற்றினார்கள். ஆடியில் நெருப்புக்கு ஏது விறகு? எல்லாம் ஈரம். தென்னம்பாளை காய்ந்து விழுமே, கொதும்பு, அதைத்தான் வீட்டுக்குள் சேர்த்து வைத்திருப்பார்கள். விசேந்தியிடம் இருந்த கொதும்பு உச்சிப் பொழுதிலேயே தீர்ந்துவிட்டது. பானைக்குள்ளே இன்னும் கலங்கல் தண்ணீரும் கந்தலும்தான். மதாம்மா அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். கண் மட்டும் பானைமேல். அந்தக் கண்ணில் ஆசை இருந்ததை விசேந்தி பார்த்தாள். இன்றைக்கு அடுப்பு அணைந்தால் இவள் மறுபடி எழமாட்டாள் என்றும் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் போய்க் கொதும்பு கேட்டாள். பாசியையா அவிக்கிற, ஒனக்கும் புத்தி பேதலிச்சிட்டா என்று சிரித்தார்கள். ஆனாலும் பானைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. எட்டிப் பார்க்க வந்தார்கள். விசேந்தி வாசலை மறித்துக்கொண்டாளாம்.

"பாக்கணும்னா ஒரு கொதும்பு போட்டுட்டுப் பாரு."

ஒருத்தி போட்டாள், பார்த்தாள், போய்ச் சொன்னாள். இன்னொருத்தி வந்தாள். கருத்துட்டு வருது என்று ஒருத்தி சொன்னாள். இல்ல, பச்சையா மாறுது என்று வேறொருத்தி சண்டை போட்டாள். சண்டை தீர்க்க நாலு பேர் நாலு கொதும்போடு வந்தார்கள். இப்படியே ஊர்க் கொதும்பெல்லாம் அந்த அடுப்புக்குள் போனது, பொழுதும் சாய்ந்தது, மழையும் பிடித்தது. வந்தவர்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பாசி குழையத் தொடங்கியிருந்தது. நெருப்பு மங்கியது. விசேந்தி ஊதினாள், ஊதினாள், சாம்பல்தான் பறந்தது.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. பிரகாசி. கையில் துடுப்பு. பரணில் காய்ந்து கிடந்த இஞ்ஞாசியின் துடுப்பு. காலால் மிதித்து இரண்டாக முறித்தாளாம்.

"அத வைக்காத பிரகாசி. அவன் நெனவா இருக்கது அது ஒண்ணுதான்."

"இவள பாதி வழி இதுதான கொண்டு வந்துட்டு, மைனி. மீதி வழிக்கும் இதுதான வரணும்?"

அடுப்பில் செருகினாள். உப்பு ஏறின மரம் நீலமாய் எரிந்ததாம். மூன்று பெண்களும் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். துடுப்பு எரிந்து முடிந்தபோது பாசியும் வெந்து முடிந்திருந்தது. பச்சையும் கறுப்புமாய், மை போல, மினுமினுவென்று.

மதாம்மா அதை வறுத்த குருணையில் புரட்டித் தட்டினாள். அவள் ஊரில் வேறொரு தானியம், பன்றிக் கொழுப்பு. இங்கே குருணையும் தேங்காய் எண்ணெயும். கல்லில் போட்டுச் சுட்டாள், பக்கத்தில் நாலு சிப்பிச் சதையையும் வதக்கினாள். முதலாவதை எடுத்து விசேந்தியின் கையில் வைத்தாளாம். விசேந்தியும் சரியாகச் சாப்பிடாமல்தான் கிடந்தாள் என்று ஊரில் யாரும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தவள் பார்த்திருக்கிறாள்.

விசேந்தி கடித்தாள். கடல் முழுவதும் வற்றினால் அடியில் மிஞ்சுவது இந்த ருசியாகத்தான் இருக்கும் என்று பிற்பாடு சொல்வாளாம். மதாம்மா இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். அழுதுகொண்டே விழுங்கினாள்.

"பாக்க சாணி மாதிரி இருக்கு" என்றாள் பிரகாசி. ஒரு வாய் போட்டாள். "சாணியேதான்" என்றாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

மழை ஓய்ந்தது, பாதை காய்ந்தது, மதாம்மா போய்விட்டாள். போன இடம் தெரியாது, பிறகு சேதியும் இல்லை. அவள் சுரண்டின பாறைக்கு மதாம்மாப் பாறை என்று பேர் நின்றுவிட்டது. அந்தப் பாசியை அப்புறம் யாரும் அவித்தார்களா என்று கேட்டால் ஊரில் சிரிப்பார்கள்.

நின்றது வேறொன்று. நெடுங்கல்துறையில் ஒரு சாவு விழுந்து, அந்த வீட்டில் ஒருத்தர் சாப்பிடாமல் கிடந்தால், ஊரார் ஆளுக்கொரு கொதும்பு கொண்டுபோய் அந்த வீட்டு முற்றத்தில் போடுவார்கள். இன்றைக்கு எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, ஆனாலும் போடுவார்கள். அந்த வீட்டோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லையோ, அவர் வரும்வரை குவியல் அப்படியே கிடக்கும். அவர் வந்து கடைசிக் கொதும்பைப் போட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள்.