மூன்றாம் தொட்டி மீட்டர் குறித்து

என் பெயர் பியோ மால்சுன். வயது 54. ஜின்ஜு நகர் ஆற்றங்கரைச் சந்தைக்குப் பின்னால் குடியிருக்கிறேன். சோயா சாஸ் ஆலையில் தொட்டிகளைக் கவனிக்கும் வேலை. என் மீதான திருட்டுப் புகார் பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

போன வாரம் மூன்றாம் தொட்டியின் உச்சியில் புது மீட்டர் பொருத்தினார்கள். அது கீழ்நோக்கி ஒலி அனுப்பும். ஒலி சாஸின் மேல்மட்டத்தில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து, சாஸ் நிற்கும் உயரத்தை அலுவலகத் திரையில் காட்டும். முதலாளி தாக் ஹியோன்பே பன்றித் தலை வைத்து, அரிசிக் கள் தெளித்து அதற்குப் பூஜை போட்டார். அதன் பிறகு பாட்டில் பிரிவுக்குத் தினமும் சாஸ் போய்க்கொண்டிருந்தும் திரையில் தொட்டி நிறைந்தே இருந்ததால், புது மீட்டரை நம்பி நாங்கள் மேற்கொண்டு சாஸ் ஊற்றவில்லை.

நேற்று மதியம் தொட்டி வறண்டுவிட்டது. முதலாளி ஓடி வந்தார்.

"காலைல நிறைஞ்சிருந்தது எங்கடி போச்சு? வித்துத் தின்னுட்டு மீட்டரையும் கெடுத்துட்டியா, திருடி!"

பாட்டில் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். போலீஸ் வண்டியில் நான் ஏறியபோது ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை என்னையும் ஆலைக்கு அழைத்து வந்த போலீஸ் அதிகாரி முன்னிலையில் மெக்கானிக் குக் தொங்சு தொட்டியின் மூடியைத் திறந்தார். மீட்டருக்கு நேர் கீழே, வெள்ளை நூல் சுற்றிய கருவாடு ஒன்று குறுக்காகத் தொங்கியது.

"முதலாளி, உங்க மீட்டர் சாஸை அளக்கல. கருவாட்டை அளந்துட்டிருக்கு."

முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது. "கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் கட்டினேன்ப்பா. வெளிய கட்டினா பூனை தின்னுடுமே!"

எங்கள் ஊரில் புது வண்டிக்கும் புதுக் கடைக்கும் எல்லோரும் இப்படிக் கருவாடு கட்டுவதுதான். தொட்டிக்குள் கட்டியவர் இவர் ஒருவர்தான். சிரிப்பை அடக்க நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு பாட்டில்களை எண்ணிப் பார்த்ததில், சாஸ் முழுவதும் அவற்றில் இருந்தது.

"உனக்கு என்ன செய்யணும்னு சொல்லும்மா" என்றார் முதலாளி.

"திருடின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல? இல்லைன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சாப்பாட்டு வேளையில் அவர் இடுப்பு வளையக் குனிந்து சொன்னார். பெண்கள் அழுதார்கள். எனக்கு நல்ல பசி. இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன். மனது நிறைவாக இருக்கிறது. அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், அனைத்தும் உண்மை. மேலே என் பெயருக்கு எதிரே "குற்றம் சாட்டப்பட்டவர்" என்றிருந்ததை அதிகாரி அடித்துவிட்டு "சாட்சி" என்று எழுதினார். அதைப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) பியோ மால்சுன்